பட்டம் முடியுமுன் மேற்பட்டம்: இளைஞர் முன்னேற்றக் கல்வியில் ஒரு முறை

நெல்லில் குலைநோய் கண்டால் அதற்கு வழி கூற வேளாண்மை அலுவலர் இருக்கிறார். கறவை மாட்டின் மடிநோய்க்கு மருந்து கொடுக்கக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். இவ்விருவரும் பல ஆண்டுகள் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று வந்தவர்கள். ஆனால் ஒரு கிராமத்தின் வருங்காலத்தையே தம் கையில் கொண்டுள்ள வாலிபர்களையும் இளம் பெண்களையும் நல்வழியில் வளர்ப்பதற்கு முறையாகப் பயின்றவர் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. "நல்ல மனம் இருந்தால் போதும், இதற்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்பவரே மிகுதி.

நல்ல மனம் இன்றியமையாததுதான். ஆயினும் அது மட்டும் போதாது என்பதற்கு நம் ஊர்களிலேயே சான்றுகள் உள்ளன. ஆர்வமுள்ள ஓர் இளைஞர் முன்னின்று மன்றம் ஒன்றைத் தொடங்குகிறார். படிப்பகம், கைப்பந்து ஆடுகளம், மாலை வகுப்பு என்று எல்லாம் செழிப்பாக நடக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் அவர் வேலை தேடி நகரம் செல்கிறார். மன்றத்தின் கதவு பூட்டப்படுகிறது. சந்தாக் கணக்கு எங்கே, பந்தும் வலையும் யாரிடம் என்பதுகூடத் தெரியாமற் போகிறது. தமக்குப் பின் ஒருவரைப் பழக்கிவிட்டுச் செல்வது எப்படி என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவர் குறையன்று இது. அக்கல்வி அவருக்குக் கிட்டவில்லை என்பதே உண்மை.

இளைஞர் முன்னேற்றத்தையே தனிப் பாடமாகக் கொண்டு முதுகலைப் பட்டம் வரை கற்பிக்கும் ஏற்பாடு அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சிலவற்றில் உள்ளது. இளங்கலை மாணவராக இருக்கும்போதே முதுகலைப் படிப்பைத் தொடங்கிவிடும் முறையும் அந்நாட்டில் வழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி ஊர் மக்கள் யோசனை கேட்பது பெரும்பாலும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடமே. ஆதலால் இம்முறை என்ன, இதனால் ஆதாயம் யாருக்கு, நம் நாட்டில் இதற்கு ஈடான வழிகள் எவை என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வயலில் பிறந்த கல்வி

இளைஞர் முன்னேற்றக் கல்வி நகரத்து மாளிகைகளில் பிறந்ததன்று. அது வயலில் பிறந்தது. 1862-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாரில் சட்டம் என்றொரு சட்டம் நிறைவேறியது. அரசாங்க நிலத்தை மாநிலங்களுக்கு அளித்து, அதை விற்ற பணத்தைக் கொண்டு வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்க அது வழி செய்தது. கல்லூரிகள் வந்தன, புதிய விதைகளும் புதிய முறைகளும் கண்டறியப்பட்டன. ஆனால் பெரியவர்களாகிய உழவர்கள் அவற்றை எளிதில் ஏற்கவில்லை. தந்தையர் தயங்கியபோது, பிள்ளைகள் முன்வந்தனர்.

1902-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளி அதிகாரி சிறுவர் சிறுமியரைத் திரட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பதும், தேர்ந்த மக்காச்சோள விதையைப் பயிரிட்டுப் பார்ப்பதும் அச்சங்கத்தின் வேலைகள். 1910-இல் தென் கரோலினா மாநிலத்தில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை சிறுமியருக்கெனத் தக்காளிச் சங்கம் ஒன்றை நிறுவினார். ஒவ்வொரு சிறுமியும் ஓர் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில், அதாவது நம் கணக்கில் 10 சென்ட் நிலத்தில், தக்காளி பயிரிட்டாள். விளைந்ததைப் பக்குவப்படுத்தி டப்பாக்களில் அடைத்து விற்றாள். சிறந்த சிறுமிக்குப் பரிசாகக் கல்லூரியிற் படிக்க உதவித்தொகை வழங்கப்பட்டது. தக்காளிப் பாத்தியிலிருந்து கல்லூரிக்கு வழி திறந்தது என்பது இதிலே கவனிக்கத்தக்கது.

இத்தகைய சங்கங்கள் பின்னர் ஒன்றுபட்டு 'நான்கு எச்' இயக்கம் ஆயின. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 'எச்' என்னும் எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் ஏற்பட்டது. 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம், வேளாண்மைக் கல்லூரிகளின் அறிவைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் விரிவாக்கப் பணிக்கு நிலையான நிதி அளித்தது. இளைஞர் சங்கங்களும் அதன் நிழலில் வளர்ந்தன. நாளடைவில், சங்கங்களை நடத்துவோருக்கே தனிப் பயிற்சி வேண்டும் என்பது உணரப்பட்டது. இன்று தென் கரோலினாவிலுள்ள கிளெம்சன் பல்கலைக் கழகமும், மின்னஸோட்டா பல்கலைக் கழகமும் இளைஞர் முன்னேற்றத் தலைமை பற்றிய முதுகலைப் படிப்பை நடத்துகின்றன. கிளெம்சனில் இப்படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே இணையத்தின் வழியே கற்கும் வகையில் அமைந்துள்ளது.

என்ன கற்பிக்கப்படுகிறது?

பருவ வயதினரைப் பற்றி நெடுங்காலம் ஒரு தவறான எண்ணம் நிலவியது. 1904-இல் ஸ்டான்லி ஹால் என்னும் உளநூல் அறிஞர், அப்பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது என்று எழுதினார். அதனால் வாலிபர் என்றாலே ஒரு பிரச்சினை, அவர்களைக் கெடாமல் காப்பதே வேலை என்று பலர் கருதினர். இன்றைய கல்வி இக்கருத்தை மாற்றிவிட்டது. வாலிபர் ஊரின் சுமையல்லர். ஊரின் மூலதனம் என்பதே அதன் அடிப்படை.

டஃப்ட்ஸ் பல்கலைக் கழகப் பேராசிரியர் ரிச்சர்டு லெர்னரும் அவருடைய குழுவினரும் 2002-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். 42 மாநிலங்களைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் இதிற் பங்கு கொண்டனர். திறமை, தன்னம்பிக்கை, பிறரோடு நல்லுறவு, நல்லொழுக்கம், பரிவு என்னும் ஐந்தும் ஓர் இளைஞரிடம் வளர்கின்றனவா என்பதை அவர்கள் கவனித்து வந்தனர். இவ்வைந்தும் வளருமிடத்து, ஊருக்குத் தொண்டு செய்தல் என்னும் ஆறாவது குணமும் மலரும் என்பது அவர்கள் கோட்பாடு. இவ்வளர்ச்சிக்கு வேண்டியவை மூன்று என்றும் அவர்கள் கூறுகின்றனர்: நீடித்த அன்போடு பழகும் பெரியவர் ஒருவர், வாழ்க்கைக்கு வேண்டிய திறனைக் கற்கும் வாய்ப்பு, கற்றதைப் பயன்படுத்தித் தாமே பொறுப்பேற்று நடத்தும் வாய்ப்பு.

முதுகலை மாணவர் இத்தகைய கோட்பாடுகளோடு நடைமுறை வித்தைகளையும் பயில்கிறார். ஒரு திட்டத்தை வகுப்பது, வரவு செலவு கணிப்பது, தொண்டர்களைச் சேர்த்துப் பழக்குவது, சிறார்க்குத் தீங்கு நேராமற் பாதுகாப்பது, செய்த வேலையால் பயன் விளைந்ததா என்று அளந்து பார்ப்பது ஆகியவை அவற்றுட் சில. பூட்டிய மன்றத்தின் கதவைத் திறப்பதற்கு வேண்டிய சாவிகள் இவையே.

நிற்கும் பயிரில் அடுத்த விதை

இனி, பட்டம் முடியுமுன் மேற்பட்டம் தொடங்கும் முறையைக் காண்போம். காவிரிப் பாசனப் பகுதி உழவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. சம்பா நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே, வயலின் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிரினூடே உளுந்தையோ பச்சைப் பயறையோ தூவிவிடுவது அவர்கள் வழக்கம். நெல்லுக்குப் பாய்ச்சிய நீரின் மிச்ச ஈரமே உளுந்தை முளைக்கச் செய்கிறது. தனி உழவும் தனித் தண்ணீரும் இன்றி இரண்டாவது பயிர் கிளம்பிவிடுகிறது. இரண்டு பட்டங்களையும் இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு அமைப்பதுதான் நாம் கூற வந்த முறை.

அமெரிக்காவில் படிப்பைக் கிரெடிட் என்னும் அலகினால் அளக்கின்றனர். வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும், ஏறத்தாழ 15 வாரங்கள் நடந்தால் அது ஓர் அலகு. இளங்கலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 அலகுகள் வேண்டும். அவற்றை நான்கு ஆண்டுகளில் முடிப்பர். முதுகலைப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 30 முதல் 36 அலகுகள் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். முதுகலைக்கு 36 அலகுகள் என்று வைத்துக்கொண்டால், பருவத்திற்கு 9 அலகு வீதம் நான்கு பருவங்கள், அதாவது இரண்டு ஆண்டுகள் ஆகும். இளங்கலையையும் சேர்த்து மொத்தம் ஆறு ஆண்டுகள். கற்க வேண்டிய அலகுகள் 156. துரித முறையில் சேர்ந்த மாணவர், நான்காம் ஆண்டிலேயே முதுகலைப் பாடங்களில் 12 அலகுகளை எடுத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். அந்த 12 அலகுகளும் இளங்கலைக் கணக்கிலும் சேரும். முதுகலைக் கணக்கிலும் சேரும். ஆகவே அவர் கற்பது 144 அலகுகளே. பட்டம் பெற்றபின் மீதமிருப்பவை 24. இரண்டு பருவங்களில் 18-ம், கோடைப் பருவத்தில் 6-ம் என ஓராண்டில் அவற்றை முடித்துவிடலாம். ஆறு ஆண்டு வேலை ஐந்து ஆண்டில் முடிகிறது.

இதில் எவரும் நினைத்தவுடன் சேர்ந்துவிட முடியாது. பொதுவாக மூன்றாம் ஆண்டில் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பெற்ற மதிப்பெண் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஆசிரியர்களின் பரிந்துரை வேண்டும். எத்தனை அலகுகளை இருபுறமும் கணக்கிடலாம் என்பது பல்கலைக் கழகத்திற்குப் பல்கலைக் கழகம் வேறுபடும். இளைஞர் முன்னேற்றம் போன்ற துறைகளில், சிறார் சங்கத்திலோ முகாமிலோ பள்ளி நேரத்திற்குப் பிந்திய வகுப்பிலோ பணியாற்றிய அனுபவமும் மதிக்கப்படுகிறது.

ஆதாயமும் எச்சரிக்கையும்

முதல் ஆதாயம் காலம். ஓராண்டு முன்னதாகச் சம்பளம் வருமென்றால், கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்திற்கு அதன் அருமை நன்கு தெரியும். இரண்டாவது ஆதாயம் செலவு. இருபுறமும் சேரும் 12 அலகுகளுக்கு ஒருமுறைதான் கட்டணம் செலுத்த வேண்டும். மூன்றாவது ஆதாயம், களப்பணியும் படிப்பும் தொடர்பு அறாமல் செல்வது. இளங்கலையில் ஒரு சிறார் சங்கத்தில் பழகியவர் அதே சங்கத்தையே தம் முதுகலை ஆராய்ச்சிக்கும் களமாகக் கொள்ளலாம்.

ஆனால் உளுந்து தூவுகிற உழவர் நாளும் பதமும் பார்த்தல்லவா தூவுகிறார்? ஈரம் மிஞ்சினால் விதை அழுகும்; காய்ந்தால் முளைக்காது; நெல் சாய்ந்து கிடந்தால் முளையின்மேல் பயிர் படுத்துவிடும். படிப்பிலும் இவ்வாறே.

இளங்கலைப் பாடங்களிலேயே தடுமாறும் மாணவர் முதுகலைச் சுமையையும் ஏற்றுக்கொண்டால் இரண்டும் கெடும். மேலும், இருபுறமும் கணக்கிடும் சலுகையை ஒரு பல்கலைக் கழகம் தன் மாணவருக்கே அளிக்கிறது. இளங்கலைக்குப் பயன்பட்டுவிட்ட அலகுகளை வேறொரு பல்கலைக் கழகம் தன் முதுகலைக்கு ஏற்றுக்கொள்வது அரிது. நடுவில் மனம் மாறி இடம் மாறினால் மிச்சமான ஓராண்டு கைநழுவும். அந்நாட்டில் ஏழை மாணவர்களுக்கு வழங்கப்படும் பெல் உதவித்தொகை, முதற்பட்டம் பெறாதவர்களுக்கென ஏற்பட்டது. பட்டம் கைக்கு வந்தவுடன் அது நின்றுவிடும். எஞ்சிய ஓராண்டின் செலவுக்கு வேறு வழி தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது இருபத்தொரு வயதில், இத்துறையே நமக்கு ஏற்றது என்று உறுதியாக அறிந்தவர் சிலரே. ஓராண்டு மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

நம் நாட்டில் உள்ள வழிகள்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கிய காலம் முதலே இளைஞர் மன்றங்கள் நம் கிராமப் பணியில் இடம் பெற்று வந்துள்ளன. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டமும், 1972-இல் நேரு யுவ கேந்திராக்களும் ஏற்பட்டன. இளைஞர் முன்னேற்றத்திற்கெனவே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993-இல் நிறுவப்பட்டது. 2012-ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. முதுகலைப் படிப்புகளை நடத்தும் அந்நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு.

எனினும் அமெரிக்க முறை அப்படியே இங்கு இல்லை என்பதைப் பெற்றோர் தெளிவாக அறிதல் வேண்டும். 2022-இல் பல்கலைக் கழக மானியக் குழு, ஒரே காலத்தில் இரண்டு படிப்புகளைப் பயில அனுமதி அளித்தது. அதைக் கேட்டு, இளங்கலையோடு முதுகலையையும் ஒருங்கே படித்துவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. முதுகலையிற் சேர முதற்பட்டம் வேண்டும் என்னும் தகுதி விதி அப்படியே உள்ளது. பட்டப்படிப்போடு ஒரு டிப்ளமாவைச் சேர்த்துப் பயில்வதற்கு அவ்வனுமதி பயன்படும்.

காலம் வீணாகாமல் முதுகலையை முடிக்க இங்குள்ள வழிகள் வேறு. முதலாவது, பள்ளி இறுதித் தேர்வுக்குப் பின் சேர்ந்து முதுகலைப் பட்டத்தோடு வெளிவரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இரண்டாவது, நான்காண்டு இளங்கலைக்குப் பின் ஓராண்டு முதுகலை. மானியக் குழு 2022-இல் இளங்கலைக்கும் 2024-இல் முதுகலைக்கும் வெளியிட்ட பாடத்திட்ட வரையறைகள் இதற்கு இடம் தருகின்றன. மூன்றாண்டு இளங்கலைக்கு 120 அலகுகளும் நான்காண்டு இளங்கலைக்கு 160 அலகுகளும் அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஒவ்வொரு பல்கலைக் கழகமும் இதனை ஏற்று நடத்துகிறதா என்பதைச் சேருமுன் விசாரித்தறிதல் வேண்டும். மூன்றாவது வழி எளியது; பலர் நழுவ விடுவதும் அதுவே. இறுதியாண்டு மாணவர், தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், நுழைவுத் தேர்வுக்கும் சேர்க்கைக்கும் முன்னரே விண்ணப்பித்தல். கடைசி நாள் கடந்தபின் வருந்தி ஓராண்டை இழக்கும் கிராமத்துப் பிள்ளைகள் இன்றும் பலர்.

சேருமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கீழே தருகிறோம்:

1. இப்படிப்பும் இதனை வழங்கும் நிறுவனமும் மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றனவா?

2. நடுவில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன சான்றிதழ் கிடைக்கும்?

3. உதவித்தொகை எந்த ஆண்டு வரை வரும்? அதன்பின் செலவுக்கு வழி என்ன?

4. களப்பயிற்சி எத்தனை வாரம்? அது கிராமத்தில் நடைபெறுமா?

5. பிள்ளை தானே விரும்பிக் கேட்டதா, அல்லது நாம் சொல்லித் தலையசைத்ததா?

ஐந்தாவது கேள்விக்குரிய விடையைப் பொறுத்தே மற்ற நான்கும் பயன்படும் என்று கூறுவோம். பெண் பிள்ளையாயின் ஆறு ஆண்டு படிப்பு என்றவுடன் பெற்றோர் மலைப்பது உண்டு. ஓராண்டு குறைவதே அவள் படிப்பு தொடர்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும். ஆகவே இவ்வழிகளைப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு எடுத்துரைப்பது உறுப்பினர்களின் தனிக் கடமையாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய பொருள்களாக 29 குறிக்கப்பட்டுள்ளன. கல்வி, தொழிற்பயிற்சி, முதியோர் கல்வி, நூலகம், கலை நிகழ்ச்சிகள், மகளிர் குழந்தைகள் நலம் ஆகியவை அவற்றில் உண்டு. இளைஞர் நலம் என்று தனியே ஒன்று இல்லை. எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகப் பரவியிருக்கும் பொருளை எவரும் தம் பொறுப்பாக எண்ணாமல் விடுவது எளிது. மன்ற உறுப்பினர் ஒருவர் இப்பொறுப்பைத் தாமே விரும்பி ஏற்றுக்கொள்வாராயின் பெரும் பயன் விளையும்.

இத்துறையில் மேற்படிப்பு விரும்பும் மாணவருக்கு ஊராட்சி தரக்கூடிய பெரிய உதவி பணமன்று, வேலை. கல்லூரியில் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, நூலகத்திற் சிறுவர் வாசிப்பு நேரத்தை நடத்தும் பொறுப்பை அளிக்கலாம். விளையாட்டுக் குழுவின் கணக்கை எழுதி வைக்கச் சொல்லலாம். பள்ளியை விட்டு நின்ற சிறாரின் பெயர்ப் பட்டியல் தயாரித்து, வீடு வீடாகச் சென்று பேசி வரச் செய்யலாம். செய்த வேலையைத் தேதி, மணி நேரம், பயன் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் குறித்து வைக்கும்படி பழக்க வேண்டும். பிற்காலத்தில் முதுகலைச் சேர்க்கைக்கு நேர்முகம் செல்லும்போது, தான் செய்ததைத் தன் வாயால் விளக்க அந்த நோட்டு அப்பிள்ளைக்குத் துணை நிற்கும். ஊருக்கும் ஆதாயம் உண்டு: ஒருவர் நகரம் சென்றாலும், அந்நோட்டைப் பார்த்து அடுத்தவர் வேலையைத் தொடரலாம்.

வேறு எந்தச் செல்வத்தையும்விட வாலிபரின் உழைப்பும் அறிவும் ஓர் ஊருக்கு நிலையான செல்வம். தேசிய இளைஞர் கொள்கை, 2014, இளைஞர் என்பதற்கு 15 முதல் 29 வரை வயது வரையறுத்துள்ளது. அந்தப் பதினைந்து ஆண்டுகள் ஒவ்வொருவர் வாழ்விலும் ஒருமுறையே வருவன. அக்காலத்தில் அவர்களோடு நிற்கக் கற்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் தோன்ற வேண்டும். அத்தகையவர் ஒருவர் உங்கள் ஊர்ப் பிள்ளைகளிலேயே இருக்கக்கூடும். அவரைக் கண்டறிந்து, ஏற்ற பதத்தில் விதையிடுமாறு உறுப்பினர்களையும் உழவர் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.